முயலின் காலில் பிறந்த பல்

18ஆம் நூற்றாண்டு லண்டனில் பல் விலைக்குக் கிடைத்தது. விற்றவர்கள் ஏழைகள், வாங்கியவர்கள் சீமான்களும் சீமாட்டிகளும். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சர்க்கரை கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலம் அது. வசதியுள்ளவர்களின் பற்கள் ஒவ்வொன்றாகச் சொத்தையாகி உதிர்ந்தன. ஜான் ஹண்டர் என்ற பெயர்பெற்ற அறுவை மருத்துவர் அதற்கு ஒரு வழி சொன்னார். ஒருவர் வாயிலிருந்து பிடுங்கிய நல்ல பல்லை உடனேயே இன்னொருவரின் காலிக் குழியில் வைத்துக் கட்டிவிட்டால் அது அங்கேயே வேர்கொள்ளும் என்றார். அதை நிரூபிக்க மனிதப் பல் ஒன்றைச் சேவலின் கொண்டையில் நட்டுக் காட்டினார். பல் கொண்டையில் ஒட்டிக்கொண்டது. அந்தக் கொண்டை இன்றும் லண்டனில் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊரே மலைத்துப்போனது. ஆனால் கொண்டை வேறு, தாடை வேறு என்பது சீக்கிரமே தெரிந்தது.

கூலிக்காக வாயைத் திறந்து உட்கார்ந்த ஏழைச் சிறுவர்களின் பற்கள் பிரபுக்களின் வாய்க்கு மாறின. சில மாதங்கள் நின்றன. அபூர்வமாகச் சில வருடங்களும் தாங்கின. பிறகு ஆடின, விழுந்தன. போதாக்குறைக்குப் பல்லோடு சேர்ந்து மேகநோயும் தொற்றியதாகப் புகார்கள் கிளம்பின. அந்த வைத்தியம் மெல்லப் படுத்துவிட்டது. விழுந்த பல்லுக்கு மாற்று தேடியவர்களுக்குக் கட்டுப்பல்லை விட்டால் வேறு கதி இல்லாமல் போயிற்று.

அந்தக் கட்டுப்பல் இருந்த லட்சணத்துக்கு ஜார்ஜ் வாஷிங்டனே சாட்சி. 1789இல் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது அவர் வாயில் மிஞ்சியிருந்த சொந்தப் பல் ஒன்றே ஒன்று. மற்ற இடத்தை நீர்யானைத் தந்தமும் மனிதப் பற்களும் உலோகச் சுருள்களும் சேர்ந்த ஒரு சாதனம் நிரப்பியிருந்தது. பேசும்போது வலி, சாப்பிடும்போது வலி. 1815இல் வாட்டர்லூ போர்க்களத்தில் விழுந்து கிடந்த இளம் சிப்பாய்களின் வாய்களைத் தேடி குறடுகளோடு ஆட்கள் போனார்கள். அங்கே பிடுங்கிய பற்களைப் பதித்த பல்செட்டுகள் இங்கிலாந்தில் ‘வாட்டர்லூ பற்கள்’ என்ற பெயராலேயே அறியப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வல்கனைஸ் செய்த ரப்பர் வந்தது. பல்செட்டின் விலை இறங்கி, சாமானியர்களும் கட்டிக்கொள்ளத் தொடங்கினார்கள்.

விலை இறங்கியதே தவிர, தொல்லை தீரவில்லை. பல்செட்டு ஈறின் மேல் உட்கார்ந்திருக்கும் பொருள். அதற்கு வேர் கிடையாது. தாடையெலும்போ வேரின் அழுத்தம் இருக்கும்வரைதான் திடமாக இருக்கும். வேர் போய்விட்டால் எலும்பு வருடத்துக்கு வருடம் கரைந்து தாழும். போன வருடம் இறுக்கமாக உட்கார்ந்த செட்டு இந்த வருடம் ஆடும். அடுத்த வருடம் தும்மினால் வெளியே வரும். ஆகவே தேவைப்பட்டது பல் அல்ல, வேர். அதை எதனால் செய்வது என்பதில்தான் அத்தனை பேரும் சறுக்கினார்கள்.

1913இல் அமெரிக்காவின் கான்சஸைச் சேர்ந்த கிரீன்ஃபீல்டு என்ற பல் மருத்துவர் இரிடியம் கலந்த பிளாட்டினக் கம்பியில் ஒரு சின்னக் கூடை பின்னினார். எலும்பில் வட்டமாகக் குடைந்து அந்தக் கூடையை இறக்கினார். எலும்பு வளர்ந்து கம்பிகளுக்கு நடுவே புகுந்து பிடித்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. 1930களின் பிற்பாதியில் பாஸ்டனில் ஆல்வின் ஸ்ட்ராக் கோபால்ட்-குரோமியக் கலவையில் செய்த திருகுகளைத் தாடையில் முறுக்கி இறக்கினார். இத்தாலிக்காரர் ஒருவர் சுருள் கம்பியை முயன்றார். ஸ்வீடன்காரர் ஒருவர் எலும்புக்குள் போகாமல் எலும்பின் மேலேயே உலோகச் சட்டம் பொருத்தினார். சிலருடைய வாயில் அவை வருடக்கணக்கில் நின்றதும் உண்டு. ஆனால் யாருக்கு நிற்கும், யாருக்கு விழும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

காரணம் உடம்பின் குணம். வெளியிலிருந்து வந்த பொருளை உடம்பு நம்புவதில்லை. உலோகத்தைச் சுற்றி நார்போன்ற மெல்லிய திசுவை வளர்த்து வேலி கட்டிவிடும். எலும்புக்கும் உலோகத்துக்கும் நடுவே அந்த வேலி இருக்கும்வரை திருகு கொஞ்சம் ஆடும். ஆடிய இடுக்கில் கிருமி இறங்கும், சீழ் கட்டும், கடைசியில் திருகு கையோடு வந்துவிடும். உலோகத்தோடு எலும்பு நேரடியாகச் சேரவே சேராது என்பது அக்காலத்து மருத்துவப் பாடம். அந்தப் பாடத்தைப் பொய்யாக்கப் போகும் உலோகம் அதற்கு ரொம்ப காலம் முன்பே கண்டுபிடிக்கப்பட்டு, கேட்பாரற்றுக் கிடந்தது.

1791இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரிகோர் என்ற பாதிரியார் ஓடைக்கரையில் கறுப்பு மணலை அள்ளி ஆராய்ந்தார். அதில் அதுவரை யாரும் அறியாத ஓர் உலோகம் இருப்பதைக் கண்டார். நான்கு வருடம் கழித்து ஜெர்மானிய வேதியியலாளர் கிளாப்ரோத் அதற்கு டைட்டானியம் என்று பெயர் வைத்தார். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பாக மின்னும் இல்மனைட் மணலும் அதே உலோகத்தின் தாதுதான். பெயர் வைத்தாயிற்றே தவிர, அதைத் தாதுவிலிருந்து சுத்தமாகப் பிரிக்க 1910 வரை ஆனது. தொழிற்சாலை அளவில் தயாரிக்க 1940களின் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எஃகைவிட இலேசு, துருப்பிடிக்காது, வெப்பம் தாங்கும். போர் விமானம் செய்பவர்கள் அதைக் கொத்திக்கொண்டு போனார்கள். மருத்துவர்கள் கண்ணிலும் அது படாமல் இல்லை. இரண்டு முறை பட்டது.

முதல் முறை 1940இல். பூனைகளின் தொடையெலும்பில் பலவகை உலோகங்களைப் பதித்துப் பார்த்த ஆய்வாளர்கள், டைட்டானியத்தோடு மட்டும் எலும்பு ஒட்டிக்கொள்ள முனைவதாக எழுதிவைத்தார்கள். அதோடு சரி. இரண்டாம் முறை 1951இல். காட்லீப் லெவன்தால் என்ற அமெரிக்க மருத்துவர் எலிகளின் தொடையெலும்பில் டைட்டானியத் திருகுகளை முறுக்கினார். 6 வாரத்தில் திருகு முன்பைவிடச் சற்று இறுகியிருந்தது. 12 வாரத்தில் கழற்றுவது கஷ்டமாயிற்று. 16ஆம் வாரத்தில் ஒரு திருகைக் கழற்ற முயன்றபோது எலும்பே முறிந்தது, திருகு வரவில்லை. இவ்வளவு பெரிய செய்தி மருத்துவ இதழில் அச்சாகியும் அதைப் பல்லோடு முடிச்சுப்போட யாருக்கும் தோன்றவில்லை. கதவு இரண்டு முறை தட்டப்பட்டது. மூன்றாவது தட்டு, பல் மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரின் மேசையில் விழுந்தது.

அவர் பெயர் பெர்-இங்வார் பிரோனமார்க். 1929இல் ஸ்வீடனில் பிறந்தவர். 1952இல் லுண்ட் பல்கலைக்கழகத்தில் இளம் ஆய்வாளர். அவருடைய கவலையெல்லாம் இரத்தத்தைப் பற்றியது. முறிந்த எலும்பு எப்படிக் கூடுகிறது, அப்போது அதற்குள் இரத்தம் எப்படி ஓடுகிறது என்பதை உயிருள்ள எலும்பிலேயே நேரில் பார்க்க விரும்பினார். செத்த எலும்பைச் சீவிப் பார்ப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. எலும்பில் ஒரு ஜன்னல் வைத்தால்தான் ஆயிற்று. விரல் நுனியளவு உலோகக் குழலில் கண்ணாடி பதித்து, அதை முயலின் காலெலும்பில் பொருத்தி, ஒளி பாய்ச்சி, நுண்ணோக்கியால் உள்ளே பார்ப்பது திட்டம். குழலை எந்த உலோகத்தில் செய்வது? எலும்பியல் மருத்துவர் ஹான்ஸ் எம்னியஸ் அப்போது செயற்கை இடுப்பு மூட்டுக்கு ஏற்ற உலோகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். டைட்டானியத்தைப் போட்டுப் பாருங்களேன் என்று அவர் சொன்னார்.

குழல்கள் கடைந்து வந்தன. முயல்களின் கால்களில் பொருந்தின. ஜன்னல் வழியே பிரோனமார்க் பார்த்தது அபாரமான காட்சி: முடியைவிட மெல்லிய நாளங்களில் சிவப்பணுக்கள் வரிசைகட்டி ஓடுவதும், திரும்புவதும், எலும்பு கொஞ்சங்கொஞ்சமாகக் கூடுவதும். மாதக்கணக்கில் பார்த்தார், குறித்தார், படமெடுத்தார். ஆய்வு முடிந்தது. அந்தக் குழல்களைச் செய்ய நல்ல செலவு ஆகியிருந்தது. கழற்றி, கழுவி, அடுத்த முயலுக்குப் பொருத்தலாம் என்று எடுக்கப்போனார்.

வரவில்லை. திருகிப் பார்த்தார், நெம்பிப் பார்த்தார். அசையவே இல்லை. எலும்பு உலோகத்தின் மரைகளுக்குள் புகுந்து, நடுவே எந்த நார்த் திசுவும் இல்லாமல், உலோகத்தோடு உலோகமாகக் கவ்வியிருந்தது. எடுக்க வேண்டுமானால் எலும்பை உடைக்க வேண்டும். ஆய்வுக்கூடத்துக்கு அது நஷ்டம். விலையுயர்ந்த கருவிகள் முயலின் காலோடு போயின. லெவன்தால் கண்டதும் இதே காட்சிதான். ஆனால் பிரோனமார்க்கை இது விடவில்லை. எலும்பு ஏன் இந்த உலோகத்தை மட்டும் அந்நியமாக நினைக்கவில்லை என்ற கேள்வி மனதில் தைத்துவிட்டது.

விடை பின்னாளில் துலங்கியது. டைட்டானியம் காற்றுப் பட்ட கணத்திலேயே தன்மேல் ஓர் ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்கிறது. சில நானோமீட்டர் தடிமன்தான். ஆனால் உடம்பின் திரவங்கள் சந்திப்பது அந்தத் தோலைத்தான், அடியில் உள்ள உலோகத்தை அல்ல. அந்தத் தோல் கரைவதில்லை, அரிப்பதில்லை. எலும்பு செல்கள் அதன்மேல் ஏறி வந்து புதிய எலும்பை நெய்துவிடுகின்றன. இந்தப் பிணைப்புக்கு பிரோனமார்க் குழுவினர் ‘ஆசியோஇன்டிகிரேஷன்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் உலகின் வாயில் ஏறுவதற்கு முன் கால் நூற்றாண்டுப் போராட்டம் காத்திருந்தது.

1960இல் பிரோனமார்க் கோத்தன்பர்க் நகருக்கு மாறினார். முயல் ஒப்புக்கொண்டதை மனித உடம்பு ஒப்புக்கொள்ளுமா? மாணவர்கள் சிலர் தாமாக முன்வந்து கையைக் கொடுத்தார்கள். அவர்களுடைய மேல்கைத் தோல் மடிப்பில் டைட்டானியக் குழல்கள் பொருத்தப்பட்டன. இங்கேயும் அவர் பார்த்தது இரத்த ஓட்டத்தைத்தான். ஆனால் உலோகத்தைச் சுற்றிய திசுவில் வீக்கமோ சிவப்போ இல்லை என்பதையும் குறித்துக்கொண்டார். மாதக்கணக்கில் உலோகம் உள்ளே இருந்தும் உடம்பு சண்டைக்கு வரவில்லை. அடுத்து இதை எதற்குப் பயன்படுத்துவது?

முழங்காலும் இடுப்பும் முதலில் மனதில் வந்தன. எலும்பியலில் அவை பெரிய சவால்கள். ஆனால் பொருத்தியதை அடிக்கடி திறந்து பார்க்க முடியாது. வாய் அப்படியல்ல, திறக்கச் சொன்னால் திறக்கும், உள்ளே எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பல்லில்லாதவர்களும் ஊரெங்கும் இருந்தார்கள். ஆகவே பிரோனமார்க் தாடையைத் தேர்ந்தெடுத்தார். நாய்களின் பற்களை எடுத்துவிட்டு டைட்டானியத் திருகுகளை இறக்கினார். காயம் ஆறி எலும்பு இறுகும்வரை பொறுத்திருந்து, பிறகு மேலே பற்களைக் கட்டினார். நாய்கள் கடித்துத் தின்றன. திருகுகள் நின்றன. மனிதரில் ஒருவர் துணிய வேண்டும் என்பதுதான் பாக்கி.

துணிந்தவர் யோஸ்தா லார்சன். பிளவுபட்ட அண்ணத்தோடும் கோணலான தாடையோடும் பிறந்தவர். கீழ்த்தாடையில் பல்லே இல்லை. பல்செட்டு நிற்க இடமில்லாத வாய் அது. மெல்லுவது பாடு, பேசுவது அதைவிடப் பாடு. 34 வயதில் அவருக்கு இழக்க ஒன்றும் இல்லை. 1965இல் பிரோனமார்க் அவருடைய கீழ்த்தாடையில் நான்கு டைட்டானியத் திருகுகளை இறக்கி, மேலே ஈறைத் தைத்து மூடினார். பிறகு காத்திருப்பு.

இந்தக் காத்திருப்பில்தான் பிரோனமார்க் தமக்கு முன் வந்தவர்களிடமிருந்து பிரிந்து நின்றார். அவர்கள் உலோகத்தை இறக்கிய கையோடு பல்லையும் வைத்து மெல்லச் சொன்னார்கள். இவர் கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் என்று கெடு வைத்தார். அதுவரை ஈறுக்கு அடியில் திருகு தூங்க வேண்டும். அதன்மேல் ஒரு பருக்கையின் பாரமும் விழக்கூடாது. துளையிடுவதிலும் அதே நிதானம். டிரில் வேகமாகச் சுற்றினால் உரசலில் எலும்பு சூடேறும். 47 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு கெட்டுப்போகும் என்று அவர் குழுவினர் பின்னர் அளந்து சொன்னார்கள். ஆகவே மெதுவாகச் சுற்றும் டிரில், மேலே இடைவிடாமல் ஊற்றும் உப்புநீர், படிப்படியாகப் பெரிதாகும் துளை. கெடு முடிந்ததும் ஈறைத் திறந்து, திருகின் தலையைச் சின்னக் கருவியால் தட்டுவார்கள். நார்த் திசு சூழ்ந்திருந்தால் சத்தம் மந்தமாக வரும். எலும்பு பிடித்திருந்தால் ‘ணங்’ என்று கணீரென ஒலிக்கும்.

லார்சனின் நான்கு திருகுகளும் பிடித்தன. அவற்றின்மேல் பற்கள் ஏறின. லார்சன் மென்றார், பேசினார். ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ஆரம்ப வருடங்களில் கணிசமான திருகுகள் கழன்றன. திருகின் வடிவத்தையும் நீளத்தையும் அறுவை முறையையும் பிரோனமார்க் திரும்பத் திரும்பத் திருத்தினார். அந்தத் தோல்விகள் எதிரிகளுக்கு அவலாயின.

எதிரிகள் அவருடைய சொந்த நாட்டிலேயே இருந்தார்கள். பிரோனமார்க் பல் மருத்துவர் அல்லர், உடற்கூறியல் பேராசிரியர். வாய்க்குள் கை வைக்க இவர் யார் என்று பல் மருத்துவ உலகம் கொதித்தது. உலோகம் எலும்போடு சேராது என்ற பாடத்தைச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவர்கள் அவர்கள். உள்நாட்டில் ஆராய்ச்சி நிதி மறுக்கப்பட்டது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் பணம்தான் கைகொடுத்தது. 1969இல் லாண்ட்ஸ்குரோனா நகரில் அவர் பேசி முடித்ததும் முதுபெரும் பல் மருத்துவ அறிஞர் ஒருவர் எழுந்தார். ரீடர்ஸ் டைஜஸ்டில் தம்மைப் பற்றி எழுதவைப்பவர்களை நான் நம்புவதில்லை என்று சபை நடுவே சொன்னார். அந்த அறிஞரோ ஒரு பல்குச்சிக் கம்பெனியைப் பரிந்துரைத்து நாடறிந்தவர். பல்குச்சிப் பெட்டியின் பின்பக்கத்தில் விளம்பரம் கொடுப்பவர்களை நானும் நம்புவதில்லை என்று பிரோனமார்க் திருப்பிக் கொடுத்தார். வாய்ச்சண்டையில் வென்றுவிடலாம், வழக்கு அப்படியே நின்றது.

அந்த நேரம் பார்த்து வெகு தொலைவிலிருந்து ஒரு சாட்சி வந்தது. 1931இல் மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸ் நாட்டில் ஒரு மாயன் கீழ்த்தாடை தோண்டி எடுக்கப்பட்டிருந்தது. கி.பி. 600ஐ ஒட்டிய காலத்தது. முன்பற்கள் மூன்றின் இடத்தில் பல் வடிவில் செதுக்கிய சிப்பித் துண்டுகள் இருந்தன. இறந்தபின் சடங்குக்காகச் செருகியிருப்பார்கள் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். 1970இல் பிரேசில் பல் மருத்துவர் அமாதியோ பாபியோ அந்தத் தாடையை எக்ஸ்ரே எடுத்தார். சிப்பிகளைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்திருந்தது. எலும்பு வளர வேண்டுமானால் ஆள் உயிரோடிருந்திருக்க வேண்டும். 1,400 வருடம் முன்பே ஒருவர் வாயில் செயற்கை வேர் எலும்போடு சேர்ந்திருந்தது. சேராது என்ற பாடத்தில் முதல் விரிசல் விழுந்தது.

1970களின் நடுவில் உமியோ பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பிரோனமார்க்கின் நோயாளிகளைத் தனியே வரவழைத்துப் பரிசோதித்துச் சாதகமாக அறிக்கை கொடுத்தார்கள். 1977இல் பத்து வருட அனுபவத்தை பிரோனமார்க் நூலாகவே வெளியிட்டார். அதே வருடம் அதே திருகு மண்டையோட்டில் இறங்கி, காது கேளாதவர்களுக்கு எலும்பு வழியே ஒலி கடத்தும் கருவியைத் தாங்கத் தொடங்கியது. 1978இல் திருகுகளைத் தொழிற்சாலை அளவில் தயாரிக்க ஒரு நிறுவனத்தோடு கைகோத்தார். நிறுவனத்தின் பெயர் போஃபர்ஸ். பின்னாளில் பீரங்கி பேரத்தால் இந்திய அரசியலை உலுக்கிய அதே போஃபர்ஸ்தான். ஆயுதம் வார்த்த கைகள் பல்லுக்கு வேர் கடைந்தன. ஆனால் ஸ்வீடனுக்கு வெளியே கதவு இன்னும் மூடியே இருந்தது.

அதைத் திறந்தவர் கனடாவின் டொரோன்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் ஸார்ப். கோத்தன்பர்க்குக்கே போய்ப் பார்த்துவிட்டு, ஊர் திரும்பித் தம் நோயாளிகளிடம் அதே முறையைப் பிசகாமல் செய்து பார்த்தார். அவருக்கும் அதே பலன் கிடைத்தது. 1981இல் கோத்தன்பர்க் குழு தன் 15 வருடக் கணக்கை வெளியிட்டது: 371 நோயாளிகள், 2,768 திருகுகள், மேல்தாடையில் 81 சதவீதமும் கீழ்த்தாடையில் 91 சதவீதமும் உறுதியாக நின்றிருந்தன. அதுவரை எந்தச் செயற்கை வேருக்கும் இப்படியொரு கணக்கு இருந்ததில்லை. 1982 மே மாதம் ஸார்ப் டொரோன்டோவில் வட அமெரிக்கப் பல் மருத்துவப் பேராசிரியர்களைக் கூட்டினார். சந்தேகத்தோடு உட்கார்ந்தவர்கள் எக்ஸ்ரே படங்களையும் கணக்கையும் பார்த்து மனம் மாறினார்கள். 30 வருடம் முன்பு முயலின் காலில் மாட்டிக்கொண்ட அந்த உலோகம் உலகம் சுற்றக் கிளம்பியது.

இன்று தமிழ்நாட்டின் சிறு நகரங்களில்கூடப் பல் மருத்துவமனைப் பலகையில் எழுதியிருக்கும் ‘இம்ப்ளான்ட்’ என்பது அதுதான். வடிவங்கள் மாறின, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினார்கள், சிலருக்குக் காத்திருக்கும் காலமும் குறைந்தது. அடிப்படை மாறவில்லை: டைட்டானியம், நிதானமான துளை, எலும்பு சேர அவகாசம். புகைபிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் ஈறு நோய் உள்ளவர்களுக்கும் அது இன்றும் அதிகம் தோற்கிறது. எலும்புக்கு இரத்தம் ஒழுங்காகப் போனால்தான் சேர்க்கை நடக்கும். பிரோனமார்க் முதலில் ஜன்னல் வைத்துப் பார்த்ததும் அந்த இரத்த ஓட்டத்தைத்தானே.

யோஸ்தா லார்சன் 2006இல் காலமானார்; 1965இல் இறக்கிய திருகுகள் நாற்பது வருடத்துக்கு மேல் அவருக்குப் பயன்பட்டன. 2011இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் பிரோனமார்க்குக்கு வாழ்நாள் சாதனை விருது கொடுத்தது. 2014 டிசம்பரில் அவர் மறைந்தார். தண்ணீர்க் குவளையில் பல்லைக் கழற்றிப் போட்டுவிட்டு எந்த மனிதரும் சாகக் கூடாது என்று சொல்லிவந்தவர் அவர். ஒரு பல்லுக்குப் பல்லாயிரம் ரூபாய் ஆகும் நம் ஊரில் பொக்கைவாய்ப் பாட்டிகளும் தாத்தாக்களும் இன்னும் அந்தக் குவளையைத்தான் நம்பியிருக்கிறார்கள். அரசு பல் மருத்துவமனைகளில் இது ஏழைக்கும் எட்டும் சிகிச்சையாக வேண்டும்.